கால்மாட்டில் அங்காளம்மன்

துரைக்கண்ணுவுக்கு இடது கால் என்று சொல்ல வராது. கிளட்ச் கால் என்பார். வலது கால் பிரேக் கால். முப்பது வருஷத்துக்கு மேல் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டியவர். கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் ஒரு மிதி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நாலு மிதி, ஆடு குறுக்கே வந்தால் இன்னொரு மிதி என்று கிளட்ச் கால் மிதித்து மிதித்தே தேய்ந்துபோனது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு முட்டியும் வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்தன, கிளட்ச் கால்தான் ரொம்ப மோசம். நடந்தால் எலும்பும் எலும்பும் உரசுகிற சத்தம் அவருக்கே கேட்கும்.

வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவி பொன்னி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகள் கலைப்பிரியா மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். காலையில் ஒரு சட்டி கேப்பைக் கூழ் காய்ச்சினால் மறுநாள் வரை அதுதான். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் திண்டிவனம் பஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் தெரிந்த முகங்கள் குறைந்துகொண்டே வந்தன. அவருடைய பஸ்ஸில் வெகுகாலம் கண்டக்டராக இருந்த சவுரிராயன், மகனோடு வேலூருக்குப் போகப்போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தபோதுதான் கடைசியாக இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள்.

"இன்னாய்யா, நொண்டிக்கினே வர்ற?"

"முட்டியை மாத்தணும்னு சொல்லிட்டாங்க."

"அப்போ கிளட்ச் பிளேட்டு மாத்தப் போறன்னு சொல்லு. ஒரிஜினல் பார்ட்டா கேட்டு வாங்கிப் போடு. லோக்கல் மாலு போட்டானுங்கன்னா மறுபடி டிப்போவுல நிக்கணும்."

துரைக்கண்ணு சிரித்தார். சவுரிராயன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேலூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் அவரைப் பார்த்து அப்படிக் கிண்டல் செய்ய ஆள் இல்லை.

முட்டியை மாற்றிக்கொள்ள அவர் சம்மதித்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு விடுகிற சிறப்பு பஸ்ஸை எத்தனையோ வருஷம் அவர்தான் ஓட்டினார். வண்டியை எடுப்பதற்கு முன் படிக்கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிற அங்காளம்மன் படத்தைப் பார்த்து, "ஆத்தா, காலு ஒன் பக்கந்தான் இருக்குது. வேலை அப்படி. மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் பெடலில் கால் வைப்பார். ஒரு நாளும் அதைச் சொல்லாமல் வண்டியை எடுத்ததில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பேரை அந்தக் கோயில் வாசலில் இறக்கிவிட்டவர், அமாவாசை ராத்திரி உற்சவத்தில் ஊஞ்சலில் அம்மன் ஆடுவதை ஒரு தடவைகூட நின்று பார்த்தது கிடையாது. கூட்டம் இறங்கியதும் வண்டியைத் திருப்ப வேண்டும், அடுத்த நடை அடிக்க வேண்டும்.

பொன்னி கேட்டுக்கொண்டே இருப்பாள். "என்னையும் ஒருவாட்டி இட்டுக்கினு போயேன். ரெண்டு பேரும் ஜனத்தோட ஜனமா நின்னு பாக்கலாம்."

"ரிட்டேர் ஆவட்டும்" என்பார். ரிட்டேர் ஆனார். இந்த அமாவாசை, அடுத்த அமாவாசை என்று தள்ளிப் போனது. அவள் போய்விட்டாள். இப்போது அவருக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வேண்டுதல்தான். சொந்தக் காலில், யார் கையையும் பிடிக்காமல், ஜனத்தோடு ஜனமாக ஆத்தாவுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவளுக்காகவும் சேர்த்து நிற்க வேண்டும்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் திருமுருகன் என்பவர் பார்த்தார். சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். "ஐயா, மொதல்ல ஸ்கேன் எடுத்துக்கினு வாங்க. அத்த வெச்சு உங்க காலுக்குன்னே தனியா ஒரு அளவு செஞ்சு வரவழைக்கிறேன்" என்றார். அளவு என்றால் சட்டைக்கு எடுக்கிற மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டு துரைக்கண்ணு ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குப் போனார்.

அங்கே பிரபாவதி என்று ஒரு பெண் இருந்தாள். அவரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் நேராக நீட்டச் சொன்னாள்.

"இடுப்பு, முட்டி, கணுக்கால்னு வரிசையா எடுப்போம்ப்பா. முடியற வரைக்கும் ஆடக் கூடாது. மூச்சு விடலாம், காலை மட்டும் ஆட்டிடாதீங்க."

"ஆட்ட மாட்டேம்மா."

அவள் கண்ணாடி அறைக்குள் போய்விட்டாள். கட்டில் மெதுவாக நகர்ந்தது. காலுக்கு நேரே ஆள் உயரத்துக்கு ஒரு வளையம். அதில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. துரைக்கண்ணு தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் இறக்கி அந்த வளையத்துக்குள் பார்த்தார். அந்தப் பக்கத்துச் சுவரில், வளையத்துக்குச் சரியாக நடுவில், அங்காளம்மன் படம். காய்ந்த சாமந்தி மாலை போட்டிருந்தது. வளையம் அவளுக்குத் திருவாசி வைத்த மாதிரி இருந்தது.

அவருடைய இரண்டு பாதமும் நேரே அவள் முகத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன.

பஸ்ஸில் உட்கார்ந்து கால் வைப்பது வேறு, மல்லாந்து படுத்து ஆத்தாவின் முகத்துக்கு நேரே காலை நீட்டுவது வேறு. அதுவும் மன்னிப்புக் கேட்காமல். அதற்குள் கட்டில் அவரை வளையத்துக்குள் இடுப்பு வரை கொண்டுபோய்விட்டது. இடுப்புக்கு ஒரு தடவை நின்றது. முட்டிக்கு ஒரு தடவை நின்றது. பிறகு பாதத்தை எடுக்கக் கட்டில் மெல்லப் பின்னால் நகர்ந்தது, பாதங்கள் மட்டும் அவள் முகத்துக்கு நேராகவே இருந்தன. அவர் வாய்க்குள்ளேயே, "ஆத்தா, தப்பா எடுத்துக்காத" என்றார். சொல்லும்போதே அவருடைய கிளட்ச் கால் அவரைக் கேட்காமல் கொஞ்சம் உள்பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. சின்ன வயசிலிருந்து பழகிய கால். சாமிக்கு முன்னால் தானாக மடங்குகிற கால்.

கட்டில் வெளியே வந்ததும் பிரபாவதி கேட்டாள். "ஆடலையே?"

"இல்லம்மா" என்றார் துரைக்கண்ணு. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சாமிக்கு ஒதுங்கியதை ஆட்டம் என்று அவர் நினைக்கவே இல்லை.

ஆபரேஷனுக்குக் கலைப்பிரியா வந்தாள். கிடைத்த லீவு கொஞ்சந்தான். வந்ததிலிருந்து அவள் காதில் போன் இருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்களா, ஆபீஸில் அந்தக் கணக்கு முடிந்ததா என்று பேசிக்கொண்டே அப்பாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

முந்தின நாள் மாலை டாக்டர் ஒரு டப்பாவோடு வார்டுக்கு வந்தார். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்த எலும்பு இருந்தது.

"ஐயா, இது யாருது தெரியுதா? உங்க முட்டி. ஸ்கேனப் பாத்து மெஷின்ல அச்சு அசலா செஞ்சு அனுப்பியிருக்காங்க."

துரைக்கண்ணு அதைக் கையில் வாங்கினார். தேய்ந்த இடம் தேய்ந்த மாதிரியே, பள்ளம் பள்ளமாகவே இருந்தது. இவ்வளவு காலம் தன்னைத் தூக்கிச் சுமந்ததை அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறார். அவருக்கு அதைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

டாக்டர் இன்னும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்தார். நடுவில் ரம்பம் நுழைகிற அளவுக்குக் கீறல் விட்டிருந்தது. ஒன்றைத் தொடை எலும்பின் மேல் வைத்து அழுத்தினார். பூட்டில் சாவி விழுந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"இதுக்குப் பேரு கைடு. மேல் எலும்புக்கு ஒண்ணு, கீழ் எலும்புக்கு ஒண்ணு. நாளைக்கு உங்க எலும்பு மேல இத்த உட்கார வெச்சு, இந்தக் கீறல் வழியாத்தான் வெட்டுவேன். இது உங்க காலுக்கு மட்டுந்தான் உட்காரும், வேற யார் காலுக்கும் உட்காராது."

"அப்படியே கரெக்டா இருக்குமா டாக்டர்?" என்று கலைப்பிரியா போனை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"ஸ்கேன் கரெக்டா இருந்தா இதுவும் கரெக்டா இருக்கும்மா. இடுப்புலருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு நேர்கோடு போட்டுத்தான் எவ்ளோ சாய்வுல வெட்டணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது. நடுவுல பேஷண்டு காலை ஆட்டிட்டா கோடு தப்பிடும். அப்பா ஆடாம படுத்திருந்ததா எழுதி அனுப்பியிருக்காங்க."

துரைக்கண்ணுவின் கையில் இருந்த எலும்பு கனத்தது. அதைத் திருப்பி டப்பாவில் வைத்தார். டாக்டர் போனதும் மெல்ல ஆரம்பித்தார்.

"ஏம்மா, இந்த ஆபரேசன ஒரு பத்து நாள் தள்ளி வெச்சுக்கிட்டா இன்னா?"

"அப்பா, வெளையாடுறியா? இந்த லீவுக்கே மேனேஜரு என்னைப் பேஜார் பண்ணிட்டான். நான் போனப்பறம் ஆபரேசன் பண்ணிக்கினு நீ யாரு கையில கஞ்சி வாங்கிக் குடிப்ப?"

கால் நகர்ந்ததை டாக்டரிடம் சொல்வதா வேண்டாமா என்று அவர் யோசித்தார். சொன்னால் ஸ்கேன் மறுபடி எடுக்க வேண்டும், அச்சு மறுபடி செய்ய வேண்டும், மகள் அதற்குள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் எலும்பைக் கோணலாக வெட்டிவிடுவார்கள். கோணல் காலோடு மலையனூர் கூட்டத்தில் எங்கே நிற்பது? வீட்டு வாசலைத் தாண்டினாலே பெரிசு. கலைப்பிரியா பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். களைத்துப்போன முகம், பொன்னியின் ஜாடை. அவளை எழுப்பிச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சவுரிராயனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நிறைய பேர் சுற்றி இருந்த அந்த வார்டில் தன் கால் நகர்ந்தது தனக்கும் ஆத்தாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தபோது, ஆளில்லாத சாலையில் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது அவருக்கு.

காலையில் நர்ஸ் வந்து தொடையில் மையால் அம்புக்குறி போட்டாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே தள்ளுகட்டிலில் படுத்திருந்தார். டாக்டர் பச்சை உடுப்பில் வந்து, "ரெடியா ஐயா?" என்று கையைத் தொட்டார். துரைக்கண்ணு அந்தக் கையை விடவில்லை.

"டாக்டரு, ஒண்ணு சொல்லணுங்க. ஸ்கேன் எடுக்க சொல்லோ நான் காலை நகத்திட்டேன்."

டாக்டர் குனிந்தார். "எப்போ?"

"கால்மாட்டுல ஆத்தா படம் இருந்துதுங்க. காலு நேரா அவ மூஞ்சிக்கு நீட்டிக்கினு இருந்துது. மனசு கேக்கல, ஒதுக்கிட்டேன். ஆட்டணும்னு ஆட்டலீங்க."

டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தார். அவர் சிரிக்கவில்லை. "மெஷின் எங்க இருக்க சொல்லோ ஒதுக்கினீங்க? முட்டிய எடுக்கறப்பவா?"

"முட்டியத் தாண்டி பாதத்துக்கு வர்றப்போ. உள்பக்கமா."

"எவ்ளோ தூரம்?"

"கிளட்ச் பெடல்ல ஃப்ரீ பிளே இருக்கும் பாருங்க. மிதிச்சதும் பிடிக்கறதுக்கு முன்னாடி காலு சும்மா போற தூரம். அவ்ளோதான்."

"என் கார்ல கிளட்சே கெடையாதே ஐயா."

துரைக்கண்ணு இரண்டு விரலை விரித்துக் காட்டினார். டாக்டர் அந்த இடைவெளியைத் தன் விரலால் அளந்து பார்த்தார்.

"கைடு எலும்பு மேல கச்சிதமா உட்காரும். அதுல ஒரு கொறையும் இருக்காது. அதான் இதுல ஆபத்தே. நல்லா உட்காந்துடுச்சேன்னு நம்பிடுவோம், சாய்வு மட்டும் தப்பா இருக்கும். நான் எப்பவும் வெட்டறதுக்கு முன்னாடி ஒரு கம்பி வெச்சு, அது கணுக்கால் நடுவுக்குப் போவுதான்னு பாப்பேன். இன்னிக்கு ஒண்ணுக்கு ரெண்டுவாட்டி பாக்கறேன். சரியில்லன்னா கைட ஓரங்கட்டிட்டு வழக்கமா வெட்டற மாதிரி வெட்டிடுவேன். போதுமா?"

"தள்ளி வெக்க வேணாமா?"

"வேணாம். பொண்ணு ஊருக்குப் போவணுமில்ல." டாக்டர் அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். "சொன்னீங்களே, அதுவே நல்லது."

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் தொங்கவிட்டார்கள். தன் கால் எங்கே இருக்கிறது, எந்தத் திசைக்கு நீட்டியிருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்த அதுவும் அந்த நேரத்தில் அவரை விட்டுப் போயிருந்தது. தட்டுகிற சத்தமும் ரம்பத்தின் சத்தமும் வேறு யாருக்கோ நடப்பதுபோலக் கேட்டன.

"மேல் கைடு நல்லாருக்கு" என்று டாக்டர் சொன்னார். சத்தம் வந்தது, நின்றது. "கீழ் கைடு வை. ம், உட்காந்துடுச்சு. கம்பியக் கொடு."

கம்பியை எடுத்துக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

"விலகிப் போவுது. எடுத்து மறுபடி வை." மறுபடி ஒரு தட்டு. "மறுபடியும் விலகுது. கீழ் கைடு வேணாம், அந்தப் பக்கம் வெச்சுடு. பழைய செட்ட எடு."

பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் துரைக்கண்ணுவின் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கக் கை வரவில்லை, கையில் ஊசி குத்தியிருந்தது. "ஆத்தா" என்று மட்டும் சொன்னார். தலைப்பக்கம் நின்ற மயக்க டாக்டர், "வலிக்குதா ஐயா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார்.

கலைப்பிரியா கிளம்புகிற அன்று அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். "நேரா இருக்குதுப்பா காலு" என்று அவள் குனிந்து பார்த்துச் சொன்னாள். கார் தெருமுனையில் திரும்பிற்று. கிளட்ச் கால் கம்பு மாதிரி நேராக இருந்தது. பிரேக் கால் பழையபடியே வளைந்திருந்தது. ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லாத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது மாதிரி இருந்தது அவருக்கு.

தினமும் காலை நீட்டிப் படுத்து முட்டியைத் தரையோடு அழுத்த வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஒற்றை அறை வீடு. எப்படிப் படுத்தாலும் கால் சாமி மாடத்துக்கோ பொன்னியின் படத்துக்கோதான் நேராக வந்தது. கடைசியில் பொன்னியின் படம் இருக்கிற பக்கம் காலை நீட்டினார். அவளுக்கு அவரைத் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மூன்றாவது மாசம், முழுக் காலுக்கும் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்கள். அதே இடம். எக்ஸ்ரே முடிந்ததும், "பாப்பா, அந்தப் பெரிய மெஷின் இருக்கற ரூமை ஒருவாட்டி பாத்துக்கட்டுமா?" என்று துரைக்கண்ணு கேட்டார்.

"எதுக்குப்பா? அதுக்கும் வேற காசு கட்டப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே பிரபாவதி கதவைத் திறந்தாள்.

வளையத்துக்கு அந்தப் பக்கம் ஆத்தா அப்படியே இருந்தாள். துரைக்கண்ணு கும்பிட்டுவிட்டு நடந்ததைச் சொன்னார். அவள் சிரிப்பு நின்றது.

"நான் நல்லது நெனச்சுத்தானே மாட்டினேன். படுக்கறவங்க பாத்தா தைரியமா இருக்கும்னு. இத்தினி நாளா யாருமே ஒண்ணும் சொல்லலையே."

"யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. காலை மட்டும் நகத்திக்குவாங்க."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். படத்தை மாலையோடு கழற்றிக் கீழே கொடுத்தாள். துரைக்கண்ணு வாக்கருக்குப் பதில் இப்போது ஊன்றுகிற கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, படத்தை இரண்டு கையாலும் வாங்கி, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் நடந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு ஆணி இருந்தது. அவள் மாட்டினாள்.

"நேரா இருக்குதாப்பா?"

"வலது பக்கம் கொஞ்சம் தூக்கு. ம், போதும்."

அன்றைக்கு அமாவாசை. விழுப்புரம் பஸ் நிலையத்தில் மேல்மலையனூர் சிறப்பு பஸ்கள் வரிசையாக நின்றன. அவர் வேலையில் இருந்திருந்தால் எந்த வண்டி முதலில் கிளம்பும் என்று தெரிந்திருக்கும். இப்போது விசாரித்துத்தான் ஏறினார். ஏறும்போது படிக்கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டிரைவர் புதுப் பையன், அவரை யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. முன்சீட்டில் ஒரு இடம் காலியாக இருந்தது.

"மலையனூர். எத்தினி?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணு."

"ஐயா, காலக் கொஞ்சம் உள்ள மடக்கிக்குங்க, ஜனம் ஏறணும்."

"முழுசா மடங்காதுப்பா. ஆபரேசன் பண்ண காலு."

"சரி சரி, அப்படியே நீட்டிக்குங்க. தாண்டிப் போய்க்குவாங்க."

வண்டி கிளம்பியது. முன்கண்ணாடிக்கு மேலே அங்காளம்மன் இருந்தாள், எலுமிச்சம்பழ மாலையோடு. துரைக்கண்ணுவின் புதுக் கால் நேரே அவளைப் பார்த்து நீட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அதற்குள் தூங்கிவிட்டார்.

"ஆத்தா, காலு ஒன் பக்கந்தான் இருக்குது" என்று மெதுவாகச் சொன்னார். வண்டி இரண்டாவது கியருக்கு மாறியது. அந்தக் கால் பழக்கத்தில் பஸ்ஸின் தரையை ஒரு தடவை மிதித்தது, பிறகு நகராமல் அப்படியே இருந்தது.